கட்டை

ஜுபைலில் வெள்ளிக்கிழமை மட்டும்
நாங்களாக எழுந்திருக்கிறோம்.
ஐந்து மணி. குழாய்க் கிடங்கை ஒட்டிய பொட்டலில்
பெயிண்ட் டின்னை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஸ்டம்பு.
நான் ஸ்டோர் கீப்பர். ஆடத் தெரியாது.
டென்னிஸ் பந்தில் சுற்றுகிற கறுப்பு டேப்
என் அலமாரியிலிருந்து போவதால்
ஸ்கோர் எழுதுவதும் என் தலையில்.

பழைய டைம்ஷீட்டின் முதுகில்
மூன்று வருடமாய் எழுதிய பெயர்களில் ஒன்று
தனிஸ்லாஸ்.
மணப்பாட்டுக்காரன். சாரம் கட்டுகிறவன்.
அறுபதடி உயரத்தில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து
கிளாம்ப் முறுக்குகிற கை
மட்டையைப் பிடித்தால் மட்டும்
தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல் பந்தைத் தட்டும்.
கட்டை என்றுதான் கூப்பிட்டோம். திரும்பிப் பார்ப்பான்.
புள்ளி. ஒன்று. புள்ளி. புள்ளி. ஒன்று.
மூன்று வருடத்தில் ஆறு என்ற எண்ணை
அவன் பெயருக்கு நேரே நான் எழுதியதில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி,
ஷொஹாக் போட்ட முதல் பந்து
வேலியைத் தாண்டி, அடுக்கிக் கிடந்த குழாய்களுக்கும் அப்பால்
எங்கோ டங் என்றது.
யாரும் கத்தவில்லை.
கைதவறி எதையோ உடைத்துவிட்டவனைப் பார்ப்பதுபோல்
பார்த்தோம்.
அடுத்த பந்தும் போயிற்று.
பையிலிருந்து இரண்டு ஐந்து ரியால் தாளை எடுத்து
குல்ஜமானிடம் நீட்டினான். தொலைத்தவன் தரவேண்டும்,
அது குல்ஜமான் போட்ட சட்டம்.

ஏழு வெள்ளிக்கிழமை. இருபத்து மூன்று சிக்ஸர்.
மட்டையை மாற்றிவிட்டான் என்றான் குல்ஜமான்,
தன் மட்டையைத்தான் அவன் இரவல் வாங்கினான்
என்பதை மறந்து.
வடகாற்று முதுகில் அடிக்கிறது என்றான் பிஜோய்.
தில் பகதூர், மெஸ்ஸில் அவன் தட்டில் முட்டை எத்தனை
என்று எண்ண ஆரம்பித்தான்.
கண்டெய்னர் வந்து மைதானம் சுருங்கிவிட்டதென்று
கேம்ப் முழுக்கப் பேச்சு.
டேப் எடுத்துப்போய் அளந்தேன்:
அறுபத்திரண்டு மீட்டர். போன வருடமும் அதுதான்.

பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.
கேட்டேவிட்டேன்.
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:
"ஏஜெண்டுக் கடன் ஜனவரியில முடிஞ்சுது அண்ணே.
அதுவரைக்கும் எனக்கு நேரா ஓடி வர்றது பந்து இல்ல,
அஞ்சு ரியாலு."
பிறகு தூங்கிவிட்டான்.
மூன்று வருடத்துப் புள்ளிகளை
அன்றிரவு மறுபடி பார்த்தேன்.
வேறு ஒரு கணக்குப் புத்தகம் அது.

எட்டாவது வெள்ளி.
இடுப்புக்கு நேரே ஃபுல்டாஸ், குழந்தைகூட அடிக்கும்.
குனிந்து, மட்டையை நிமிர்த்தி, நிறுத்தினான்.
பந்து அவன் காலடியிலேயே கிடந்தது.
மணிக்கட்டு வலி என்றார்கள். காற்று செத்துப்போச்சு என்றார்கள்.
முட்டை குறைந்திருக்கும் என்றான் தில் பகதூர்.
ஊரில் யாருக்கு ஆபரேஷன், எந்தத் தங்கைக்கு நாள் குறித்தார்கள்,
நான் கேட்கவில்லை.
புள்ளி வைத்தேன்.
பென்சில் முனை உடைந்தது, சீவிக்கொண்டு
அடுத்த புள்ளி வைத்தேன்.

ஜூனில், அந்தக் குழாய்களையெல்லாம் பற்றவைத்து முடித்து
தண்ணீர் விட்டுச் சோதித்த நாள்,
முப்பத்தாறு அங்குல வாயிலிருந்து
சேறும் வெல்டிங் குச்சியும் வந்த பின்னால்
கறுப்பாய் இரண்டு உருண்டை குதித்து வந்தன.
இன்ஜினியர் கத்தினார். அறிக்கை கேட்டார்.
அயல் பொருள், எண்ணிக்கை இரண்டு, காரணம் தெரியவில்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் சாரத்தடியில் அவனிடம் காட்டினேன்.
கையுறையைக் கழற்றினான். வாங்கினான்.
உரிந்த டேப்பைப் பெருவிரலால் ஒட்டவைத்துப் பார்த்தான்,
ஒட்டவில்லை.
"ரெண்டு. பத்து ரியால்" என்றான்.
"திருப்பித் தருவானா அண்ணே, குல்ஜமான்?"
சிரித்தானா என்று
அந்த வெயிலில் எனக்குத் தெரியவில்லை.